இரண்டு வாசல் வைத்துக் கொடுத்தார்கள். ஒன்றை அடைத்தது யார்?

காலையில் வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி நடக்கிற எங்கள் கூட்டத்தில் கடந்த ஒரு மாதமாக ஒரே பேச்சுதான். விண்டோஸ் 10 முடிந்து போச்சாம். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் அதற்குக் கொடுத்து வந்த பாதுகாப்பை நிறுத்திவிட்டதாம். பதிந்துகொண்டவர்களுக்கு மட்டும் இன்னும் ஒரு வருடம் நீட்டிப்பு உண்டாம். விண்டோஸ் 11 போடலாம் என்றால் பழைய கம்ப்யூட்டர் ஏற்காதாம். ஆகவே கம்ப்யூட்டரையே தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்க வேண்டுமாம்.

"நாப்பதாயிரம் ஆகும்கான், அண்ணாச்சி. பென்ஷன்ல பிடிச்சா நாலு மாசத்துக்கு இழுக்கும்" என்று ஒருவர் கணக்குச் சொன்னார். அவருடைய கம்ப்யூட்டருக்கு வயது எட்டு. திரை நன்றாக இருக்கிறது, கீபோர்டு நன்றாக இருக்கிறது, உள்ளே ஒரு பழுதும் இல்லை. ஆனாலும் பழைய சாமான்காரனிடம் போகப்போகிறது.

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை. அவருக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தவர்கள் மேல். அந்தக் கூட்டத்தில் ஒரு காலத்தில் நானும் இருந்தேன் என்பதால் என் மேலும்தான். இதை எழுதினால் சில நண்பர்களுக்கு வருத்தம் வரும். கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் தம்பிமார் சிலர் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக் கொள்வார்கள். பரவாயில்லை.

நான் சொல்வது இதுதான். அந்தக் கம்ப்யூட்டர் சாகவில்லை. அதில் ஒரு வாசல்தான் அடைபட்டிருக்கிறது. இன்னொரு வாசல் திறந்தால் இன்னும் ஐந்தாறு வருடம் ஓடும். பழைய வாசலையும் இடிக்க வேண்டியதில்லை. ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு இயங்குதளங்களை வைத்துக்கொள்ளலாம். விண்டோஸ் ஒரு பக்கம், லினக்ஸ் ஒரு பக்கம். இதற்கு 'டூயல் பூட்' என்று பெயர். இது புது வித்தை அல்ல. நம் ஊர் பள்ளிப் பிள்ளைகள் கையில் 14 வருடத்துக்கு முன்பே அரசாங்கம் கொடுத்த வித்தை. அதை நாம் என்ன செய்தோம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில், தெரியாதவர்களுக்காக, டூயல் பூட் என்றால் என்ன என்று நம் ஆற்றை வைத்தே சொல்லிவிடுகிறேன்.

தாமிரபரணியில் உள்ள எட்டு அணைக்கட்டுகளில் கடைசி அணை ஸ்ரீவைகுண்டம். வெள்ளைக்காரன் காலத்தில், 1870களில் கட்டி முடித்தது. அந்த அணையில் இரண்டு கால்கள் பிரிகின்றன. வடகரையில் வடகால், தென்கரையில் தென்கால். தென்கால் ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை பக்கம் போகிறது. ஆறு ஒன்றுதான், தண்ணீர் ஒன்றுதான், அணை ஒன்றுதான். எந்த மடையைத் திறக்கிறீர்களோ அந்தப் பக்கத்து வயல் விளையும்.

கம்ப்யூட்டர் என்கிற இரும்புப் பெட்டிதான் ஆறு. விண்டோஸ் ஒரு கால், லினக்ஸ் ஒரு கால். உள்ளே இருக்கும் டிஸ்க்கைப் பாகப்பிரிவினை செய்து இவனுக்கு இவ்வளவு, அவனுக்கு இவ்வளவு என்று ஒதுக்கி விடுகிறோம். கம்ப்யூட்டரைப் போட்டவுடன் ஒரு சின்னப் பட்டியல் வரும். மடை திறக்கிற ஆள் மாதிரி, "இன்றைக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்கும். நீங்கள் சொல்கிற பக்கம் திறந்துவிடும். ஒரே ஒரு வித்தியாசம். அணையில் இரண்டு கால்களிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் விடலாம். டூயல் பூட்டில் முடியாது. தண்ணீர் குறைந்த வருடத்தில் முறை வைத்து விடுவோமே, அதுபோல ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான். மாற வேண்டுமென்றால் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மறுபடி போட வேண்டும். இவ்வளவுதான் விஷயம்.

இப்போது 2011க்கு வருவோம்.

அந்த வருடம் செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று, தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகளுக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் லேப்டாப். வாங்கிக் கொடுத்தது அரசின் எல்காட் நிறுவனம். அடுத்த பத்து வருடத்துக்குள் ஐம்பது லட்சத்தை ஒட்டி லேப்டாப்கள் பிள்ளைகள் கைக்குப் போயின. மற்ற மாநிலங்கள் வாயைப் பிளந்து பார்த்த திட்டம். ஓட்டுக்காகக் கொடுத்தார்கள், வீண் செலவு என்று திட்டியவர்களும் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. பீடி சுற்றுகிற வீட்டுப் பிள்ளை மடியில் ஒரு கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்தது சின்ன காரியம் இல்லை.

ஆனால் அந்த லேப்டாப்பில் இரண்டு வாசல் இருந்தது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? போட்டவுடன் பட்டியல் வரும். ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். இன்னொன்று பாஸ் லினக்ஸ். 'பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்' என்பதன் சுருக்கம் பாஸ். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம், அதுவும் சென்னையில் இருக்கிற கிளை, டெபியன் என்கிற லினக்ஸை அடிப்படையாக வைத்து இந்திய மொழிகளுக்காகச் செய்தது. 2007இல் முதல் பதிப்பு வந்தது. அதே காலத்தில்தான் எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த உமாசங்கர் ஐ.ஏ.எஸ். தம் அலுவலகத்துக் கம்ப்யூட்டர்களையே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டினார். ஆக, இது யாரோ வெளிநாட்டுக்காரன் நம் தலையில் கட்டியதும் இல்லை, இங்கே யாருக்கும் தெரியாத சரக்கும் இல்லை.

விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் என்பது எப்படிப்பட்டது தெரியுமா? அந்த வரிசையிலேயே கடைசிப் படி. அதில் டெஸ்க்டாப் பின்னணிப் படத்தைக் கூட மாற்ற முடியாது. மாற்ற வேண்டுமென்றால் மேல் படிக்குக் காசு கட்ட வேண்டும். பதினேழு வயதுப் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வந்தவுடன் முதல் ஆசை என்ன? விஜய் படமோ அஜித் படமோ பின்னணியில் வைக்க வேண்டும். ஸ்டார்ட்டரில் முடியாது. அதே பெட்டியின் மறுபக்கம், பாஸில், தாராளமாக முடியும். ஆனால் அதை ஒருவரும் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை.

பிள்ளைகள் என்ன செய்தார்கள்? கடைக்கு ஓடினார்கள்.

2012இல் என் எதிர்வீட்டுப் பெண் பிளஸ் டூ. அவளுக்கும் லேப்டாப் வந்தது. அப்பா லாரியில் போய்விடுவார், அம்மாவுக்கு இது புரியாது. "அண்ணே, நீங்க ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பாக்கியதானே, இதக் கொஞ்சம் சரிபண்ணிக் குடுங்களேன்" என்று அவள் அம்மா என்னிடம் கொண்டு வந்தார். பிள்ளைக்குப் படம் மாற்ற வேண்டுமாம். எனக்கு அப்போது அலுவலகத்தில் வானவில் எழுத்துருவில் கடிதம் அடிக்கத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்ல கௌரவம் இடம் கொடுக்கவில்லை. ஜங்ஷன் பக்கம் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

கடைத் தம்பி போட்டுப் பார்த்தான். பட்டியல் வந்தது. சிரித்தான்.

"என்ன அண்ணாச்சி, கவர்மென்ட் லேப்டாப்பா? இந்த பாஸ் கீஸ் எல்லாம் ஒண்ணுக்கும் ஆகாது. மொத்தமா அழிச்சிட்டு அல்டிமேட் போட்டுத் தாரேன். முந்நூறு ரூவா."

"அழிச்சா ஒண்ணும் ஆகாதே?"

"அதுல என்ன இருக்கப் போவுது அண்ணாச்சி? யாரும் அந்தப் பக்கம் போறதே கெடையாது."

நானும் முந்நூறைக் கொடுத்தேன். மாலையில் லேப்டாப் வந்தது. பட்டியல் போய்விட்டது. விண்டோஸ் 7 அல்டிமேட், திருட்டுப் பிரதி. அரசாங்கம் காசு கட்டி வாங்கின உரிமத்தை அழித்து, அரசாங்கமே இலவசமாகச் செய்துகொடுத்ததையும் அழித்து, திருட்டுச் சரக்கை உள்ளே வைத்து, அதற்கு முந்நூறு ரூபாய் கூலியும் கொடுத்துவிட்டு, பெருமையாக அந்தப் பிள்ளை கையில் கொடுத்தேன்.

அவள் திறந்தாள். தேடினாள். "மாமா, அந்தப் பக்கம் எங்க?" என்றாள்.

"எந்தப் பக்கம்?"

"தமிழ்ல அடிக்கிற பக்கம்."

அப்புறம்தான் தெரிந்தது. அவள் அந்தப் பக்கம் போயிருக்கிறாள். பாஸில் தமிழ் அடிக்க வசதியாக இருந்ததால், தன் ஆச்சி பாடுகிற பாட்டையெல்லாம் அதில் அடித்து வைத்திருந்தாள். ஆச்சிக்குத் தென்திருப்பேரை பக்கம் ஊர். தென்கால் வயல்களில் நாற்பது வருடம் நட்டவர். நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி என்று முப்பது நாற்பது பக்கம். பள்ளிக்கூடத்து வேலை இல்லை. யாரும் அவளிடம் கேட்கவும் இல்லை. அவளாகச் செய்தது. பென் டிரைவில் எடுத்து வைக்க வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. கடைத் தம்பிக்குத் தெரியும், அவன் கேட்கவில்லை.

அவள் அழவில்லை. "பரவால்ல மாமா, திருப்பி அடிச்சுக்கிடலாம்" என்றாள். பிளஸ் டூ பரீட்சை வந்தது. அப்புறம் நர்சிங் படிக்கப் போனாள். அடுத்த வருடம் ஆச்சி போய்ச் சேர்ந்துவிட்டார்.

பாளையங்கோட்டையில் நாட்டார் வழக்காற்றியல் என்று ஒரு தனித் துறையே இருக்கிற ஊரில் நாம் இருக்கிறோம். ஆதிச்சநல்லூரில் மண்ணைத் தோண்டிப் பழையதைத் தேடுகிறோம். நேற்றுத் தட்டச்சு செய்ததை முந்நூறு ரூபாய் கொடுத்து அழித்தவனும் இதே ஊர்க்காரன்தான். அது நான்.

இதை நான் கண்ணீருக்காகச் சொல்லவில்லை. இந்த ஒரு லேப்டாப்புக்கு நடந்ததுதான், ஏறக்குறைய அப்படியே, நான் பார்த்த அத்தனை லேப்டாப்புக்கும் நடந்தது. எங்கள் தெருவில் வந்த ஏழெட்டு லேப்டாப்பில் ஒன்றில் கூட ஆறு மாதம் கழித்து அந்தப் பட்டியல் இல்லை. இதற்கு யார் பொறுப்பு என்று ஒவ்வொருவராகக் கேட்கிறேன்.

முதலில் கடைக்காரர்கள். உங்கள் பிழைப்பு எனக்குப் புரிகிறது. வாடகை, கரண்ட் பில், பையன் சம்பளம். தெரிந்த ஒன்றைத்தான் போட்டுக் கொடுக்க முடியும். ஆனால் தெரியாததை "ஒன்றுக்கும் ஆகாது" என்று சொல்ல உங்களுக்கு என்ன உரிமை? "எனக்குத் தெரியாது" என்பதற்கும் "அது உதவாது" என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஒரு டாக்டர் தனக்குத் தெரியாத உறுப்பை வெட்டிப் போட்டால் சும்மா இருப்போமா? அழிப்பதற்கு முன்னால் "இதில் ஏதாவது வைத்திருக்கிறீர்களா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். அந்த ஒரு கேள்வி கூடவா முந்நூறு ரூபாய்க்குள் அடங்காது?

இரண்டாவது, கொடுத்தவர்கள். இரண்டு வாசல் வைத்த வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டு, ஒரு வாசலின் சாவி எங்கே என்று சொல்லாமல் போய்விட்டார்கள். எனக்குத் தெரிந்த பள்ளிகளில் பாஸ் பக்கத்தைத் திறந்து காட்ட ஒரு ஆசிரியர் கூடத் தயார் செய்யப்படவில்லை. பாடமும் இல்லை, பரீட்சையும் இல்லை. கொடுத்தோம் என்ற கணக்குக்குக் கொடுத்ததுபோல ஆகிவிட்டது. மடையைக் கட்டிவிட்டு மடையன் வேலைக்கு ஆள் போடவில்லை என்றால் கால் தூர்ந்துதான் போகும்.

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். செங்கோட்டை தாண்டினால் கேரளம். அங்கே பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் முழுக்க லினக்ஸ்தான். 'ஐடி அட் ஸ்கூல்' என்று தொடங்கிய திட்டம் இன்றைக்கு 'கைட்' என்ற பெயரில் நடக்கிறது. உபுண்டுவை அடிப்படையாக வைத்துப் பள்ளிகளுக்கென்றே ஒரு லினக்ஸ் செய்து, 2019இல் மட்டும் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பள்ளிக் கம்ப்யூட்டர்களுக்குக் கொடுத்தார்கள். பத்தாம் வகுப்பு ஐ.டி. பரீட்சையே அதில்தான். அவர்கள் பிள்ளைகள் நம் பிள்ளைகளைவிட மூளைக்காரர்கள் இல்லை. அவர்கள் முதலில் ஆசிரியருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், அப்புறம் பெட்டியைக் கொடுத்தார்கள். நாம் பெட்டியைக் கொடுத்தோம், அதோடு விட்டோம். அத்தனை வித்தியாசமும் இதில்தான்.

மூன்றாவது, நாம். வீட்டுப் பெரியவர்கள். ஓசியில் வந்ததற்கு மதிப்பில்லை என்று நினைத்தவர்கள். காசு கொடுத்தால்தான் சரக்கு நல்லது என்று ஒரு எண்ணம் நமக்கு. லினக்ஸ் இலவசம் என்றால் உடனே ரேஷன் கடை அரிசி மாதிரி ஒரு முகச்சுளிப்பு. நண்பர்களே, உங்கள் சட்டைப் பையில் இருக்கிற ஆண்ட்ராய்டு போனின் கரு லினக்ஸ்தான். உலகத்தின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் என்று ஒரு பட்டியல் போடுகிறார்களே, 2017 நவம்பரிலிருந்து அதில் உள்ள 500ம் லினக்ஸில்தான் ஓடுகின்றன. நம் பாதுகாப்பு அமைச்சகம் 2023இல் 'மாயா' என்று ஒன்றைத் தன் கம்ப்யூட்டர்களுக்குக் கொண்டு வந்தது. அதற்கும் அடித்தளம் உபுண்டு லினக்ஸ்தான். ராணுவத்துக்கு ஆகிறது, உங்கள் வீட்டு மேசைக்கு ஆகாதா?

"அதெல்லாம் சரி அண்ணாச்சி, டாலி ஓடுமா? போட்டோஷாப் ஓடுமா?" என்று ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. டாலி விண்டோஸுக்கென்று செய்தது. கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடையில் பேஜ்மேக்கரும் போட்டோஷாப்பும் இல்லாமல் முடியாது. என் வீட்டுப் பழைய ஸ்கேனர் லினக்ஸ் பக்கம் பேசவே மாட்டேன் என்கிறது. வானவில்லில் அடித்த என் பழைய கோப்புகள் விண்டோஸில்தான் ஒழுங்காகத் திறக்கின்றன. வேறு எதில் திறந்தாலும் எழுத்து ஜாங்கிரி சுற்றினாற்போல் வருகிறது. அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்று ஆணை போட்ட பிறகும் எத்தனை ஆபீஸில் வெகு காலம் அதே பழைய எழுத்துரு ஓடியது என்று என்னைப் போல ரிட்டையர் ஆனவர்களுக்குத் தெரியும். ஒரே பக்கத்தில் மாட்டிக்கொண்டால் இதுதான் கதி. சொந்தக் கையால் அடித்ததைப் படிக்கக் கூட அடுத்தவன் சாவி வேண்டும்.

இதற்காகத்தான் நான் விண்டோஸை அழி என்று சொல்லவில்லை. இரண்டும் இருக்கட்டும் என்கிறேன்.

இங்கே எனக்கு இன்னொரு பக்கத்துச் சண்டையும் உண்டு. லினக்ஸ் பக்தர்கள் என்று சில இளைஞர்கள் இருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள். 2012இல் தொடங்கிய கணியம் இதழ் மாதிரித் தமிழிலேயே இதையெல்லாம் எழுதிச் சொல்லிக் கொடுத்தவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். எனக்கே பாதிப் பாடம் அங்கே கிடைத்தது. ஆனால் சிலர் இருக்கிறார்கள். டூயல் பூட் என்றாலே முகம் சுளிப்பார்கள். "ஒரு காலை அங்கேயும் ஒரு காலை இங்கேயும் வைக்காதீங்க சார், விண்டோஸைத் தூக்கி எறியுங்க" என்பார்கள். தம்பி, உனக்கு வயது 25. எனக்கு 71. முப்பது வருடப் பழக்கத்தை ஒரு நாளில் விடச் சொன்னால் நான் உன் லினக்ஸைத்தான் விடுவேன். பழைய வீட்டிலிருந்து புது வீட்டுக்குப் போகிறவன் ஒரே நாளில் அடுப்பை அணைத்துவிட்டா போகிறான்? பால் காய்ச்சி, சாமான் ஒவ்வொன்றாகக் கொண்டு போய், இரண்டு வீட்டுக்கும் கொஞ்ச நாள் நடப்பான். அந்த நடை வழிக்குப் பெயர்தான் டூயல் பூட். அதைக் கேவலமாகப் பேசாதே.

சரி, பேச்சோடு விடக் கூடாது. போன மாதம் என் கம்ப்யூட்டரில் நானே செய்தேன். எதிர்வீட்டுப் பெண்ணின் தம்பி, கல்லூரியில் படிக்கிறவன், பக்கத்தில் உட்கார்ந்தான். என்னுடையது பத்து வருடப் பழசு. விண்டோஸ் 11 கேட்கிற டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லும் அதில் இல்லை, அது ஏற்கிற தலைமுறை பிராசசரும் இல்லை. லினக்ஸ் மின்ட் போட்டோம். செய்த வரிசையை எழுதுகிறேன். வீட்டில் பேரன் பேத்தி யாராவது இருந்தால் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, உங்கள் கோப்புகள், போட்டோக்கள் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ எடுத்து வையுங்கள். இதைச் செய்யாமல் அடுத்த வரிக்குப் போகாதீர்கள். மேலே சொன்ன கதையை இதற்காகத்தான் சொன்னேன்.

இரண்டாவது, விண்டோஸில் பிட்லாக்கர் என்ற பூட்டுப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் மீட்புச் சாவியை, அந்த நீளமான எண்ணை, ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்று ஒன்று இருக்கும், அதை நிறுத்துங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, அரைத்தூக்கத்தில் கிடக்கும். அந்த நிலையில் லினக்ஸ் அதன் பாகத்தைத் தொட்டால் கோப்பு கெடும்.

மூன்றாவது, பாகப்பிரிவினை. விண்டோஸிலேயே 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' என்ற இடத்தில் சி டிரைவைச் சுருக்கலாம். ஒரு 50 ஜிபி ஒதுக்கினால் நம் போன்றவர்களுக்குத் தாராளம். விண்டோஸின் பாகத்தை விண்டோஸ் கையாலேயே சுருக்குவது நல்லது.

நான்காவது, லினக்ஸை இணையத்தில் இறக்கி, 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றுங்கள். அந்தப் பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டரைத் தொடங்குங்கள். இதில் ஒரு நல்ல வசதி உண்டு. டிஸ்க்கைத் தொடாமலேயே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை வருகிறதா, சத்தம் வருகிறதா, பிரிண்டர் பேசுகிறதா, எல்லாம் பார்த்துவிட்டுப் பிடித்தால் மட்டும் நிறுவலாம். கல்யாணத்துக்கு முன்னால் பெண் பார்க்கிற மாதிரி.

ஐந்தாவது, நிறுவும்போது ஒரு கேள்வி வரும். விண்டோஸுக்குப் பக்கத்திலேயே வைக்கவா, அல்லது டிஸ்க்கை முழுக்க அழித்துவிட்டு வைக்கவா என்று. முதலாவதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த இடத்தில் மட்டும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படியுங்கள்.

எங்களுக்கு மொத்தம் ஒன்றரை மணி நேரம் ஆனது. அணைத்துப் போட்டோம். பட்டியல் வந்தது. இரண்டு வரி. 2012இல் நான் அழிக்கச் சொன்ன அதே மாதிரிப் பட்டியல்.

ஒரு சின்ன வேடிக்கையும் நடந்தது. விண்டோஸ் பக்கம் போனால் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டியது. நான் பயந்துவிட்டேன். பையன் சிரித்தான். பெட்டியின் உள்ளே இருக்கிற கடிகாரத்தில் லினக்ஸ் கிரீன்விச் நேரத்தை வைக்கும், விண்டோஸ் அதையே நம் ஊர் நேரம் என்று எண்ணிக்கொள்ளும், அதனால்தான் என்றான். உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள் என்று லினக்ஸிடம் ஒரு வார்த்தை சொன்னோம், சரியாகிவிட்டது.

இப்போது பாங்க் வேலை, மின்கட்டணம், மெயில், இந்த எழுத்து வேலை எல்லாம் லினக்ஸ் பக்கம். அதற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. பழைய வானவில் கோப்புக்கும் ஸ்கேனருக்கும் மட்டும் விண்டோஸ் 10 பக்கம் போகிறேன். அப்போது இணையத்தைத் துண்டித்துவிடுகிறேன். செலவு, ஒரு பென் டிரைவ். மைதானத்து நண்பரிடம் சொன்னேன். நாற்பதாயிரம் ரூபாயை மடியில் கட்டிக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை தன் பெட்டியோடு வருகிறேன் என்றிருக்கிறார்.

கடைசியாக ஒன்று. 2025-26 பட்ஜெட்டில் கல்லூரிப் பிள்ளைகள் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாக அறிவித்திருக்கிறார்கள். நல்ல காரியம், வரவேற்கிறேன். அதிலும் இரண்டு வாசல் வைத்தால், தயவுசெய்து மூன்று காரியம் செய்யுங்கள். ஒவ்வொரு கல்லூரியிலும் இரண்டு ஆசிரியருக்காவது அந்த இரண்டாவது வாசலைத் திறக்கச் சொல்லிக் கொடுங்கள். பெட்டிக்குள் தமிழில் நாலு பக்கம் அச்சடித்து வையுங்கள். ஒரு பருவத்திலாவது ஒரு பாடத்தை அந்தப் பக்கத்தில் செய்தே தீர வேண்டும் என்று வையுங்கள். இவை முடியாதென்றால் ஒரு வாசலே போதும். பேருக்கு ஒரு கதவு வைத்து, அதைப் பிள்ளைகள் கையாலேயே அடைக்கச் செய்ய வேண்டாம்.

பெற்றோரிடமும் தாத்தா பாட்டிமாரிடமும் கேட்பது ஒன்றே ஒன்று. பிள்ளை லேப்டாப்பைக் கடைக்குக் கொண்டு போவதற்கு முன்னால், "இதில் என்ன வைத்திருக்கிறாய்?" என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை.

அந்தப் பெண் இப்போது வெளியூரில் நர்ஸ். பொங்கலுக்கு வருவாள். தம்பி மூலம் செய்தி கேட்டுப் போனில் பேசினாள். "மாமா, நீங்களே போட்டியளா?" என்று ஒரே ஆச்சரியம். ஆச்சி பாட்டு ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். ஏழெட்டு இருக்கும் என்றாள். முழுசாக இல்லை, அங்கங்கே வரி விட்டுப் போயிருக்கிறதாம்.

வந்தவுடன் உட்கார்ந்து அடிப்போம் என்று சொல்லியிருக்கிறேன். பென் டிரைவ் இரண்டு வாங்கி வைத்துவிட்டேன்.